துறைமுகம் இல்லாத கரையில்: மட்டக்களப்பிலிருந்து அறுகம்பே வரை

முதல் நாள், சனி, ஜூலை 5, 2025

கொழும்புக் கோட்டை ஸ்ரேஷனில் காலை ஆறு மணிக்கு உதயதேவி ரயில் ஏறினேன். பொலன்னறுவை கழிந்து புனானைக் காட்டுக்குள் ரயில் இறங்கியதும் யன்னலால் கச்சான் காற்று அடித்தது. இருபது வருஷம் மெல்பேர்ணில் இருந்தாலும் அந்தச் சூடு முகத்தில் பட்டவுடனே வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

நான் களுவாஞ்சிகுடியில் பிறந்தவள். மெல்பேர்ணில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் தாதியாக வேலை. இந்தத் தடவை கலியாணமோ செத்தவீடோ இல்லை. கரையோரமாகப் பொத்துவில் வரை போய்ப் பார்த்து, ஒவ்வொரு நாள் இரவும் எழுதிப் போட வேண்டும் என்றே வந்தேன். 2013இல் டோனி அபொட் அவுஸ்திரேலியப் பிரதமராக வந்தபோது தந்த வாக்குறுதிகள் இன்னும் காதில் இருக்கின்றன: அடைக்கலம் தேடி வருகிறவர்களின் படகுகளை நிறுத்துவோம், காபன் வரியை ஒழிப்போம், ஐந்து வருஷத்தில் பத்து லட்சம் வேலை தருவோம், வரவுசெலவைச் சீராக்குவோம். எல்லை, வேலை, பொருளாதாரம். அந்த முதலாவது சொல் நான் பிறந்த கரையைப் பற்றியது. அந்த நாட்டில் இருந்து கேட்ட கதையை இங்கே நின்று பார்க்க ஆசை.

மட்டக்களப்பு ஸ்ரேஷனில் தங்கச்சியின் மகன் ஆட்டோவோடு நின்றான். மற்றவை நாளைக்கு. கண் சொருகுது.

இரண்டாம் நாள், ஞாயிறு, ஜூலை 6

நாள் பார்த்துத்தான் வந்தேன். 2014இலும் ஜூலை 6 ஞாயிற்றுக்கிழமை.

விடியப்புறம் பாலமீன்மடு வெளிச்சவீட்டடிக்குப் போனோம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் அதுதான். கடல் தகடு மாதிரிக் கிடந்தது. ஆனி, ஆடியில் கிழக்குக் கடல் இப்படித்தான். தோணிகள் வாவிக்குள் திரும்பிக்கொண்டிருந்தன.

பதினொரு வருஷத்துக்கு முன் இதே ஞாயிறு, இந்தக் கடலில் 41 பேரை அவுஸ்திரேலியக் கப்பலிலிருந்து இலங்கைக் கடற்படையிடம் கையளித்தார்கள். ஜூன் கடைசியில், அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கொக்கோஸ் தீவுக்கு மேற்கே மறிக்கப்பட்ட படகு அவர்களுடையது. இங்கிருந்து அந்தத் தீவுக்கு ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர். அவர்களின் கதையைக் கப்பலிலேயே கேட்டு, கப்பலிலேயே முடிவெடுத்து, திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். 41 பேரில் 37 பேர் சிங்களவர், நாலு பேர் தமிழர். கடற்படை அவர்களைக் காலிக்குக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் நிறுத்தியது.

அப்போது குடிவரவு அமைச்சராக இருந்தவர் ஸ்கொட் மொரிசன். கையளிப்பு நடந்த இடத்தை அவருடைய அறிக்கை "மட்டக்களப்புத் துறைமுகத்துக்குச் சற்று வெளியே" என்று சொன்னது. இரவு வேலையின் இடைவேளையில் அதை வாசித்துவிட்டுத் தங்கச்சிக்கு அழைத்தேன். அவள் முதலில் கேட்டது: "நம்மட ஊரில ஏதக்கா துறைமுகம்?"

உண்மைதான். கப்பல் வந்து கட்டுகிற துறைமுகம் இங்கே இல்லை. ஒரு வெளிச்சவீடும், மண்மேடு மூடித் திறக்கிற ஒரு வாயும்தான் இருக்கின்றன. ஆனால் அந்த அறிக்கையால் உலகச் செய்திகளில் எங்கள் ஊருக்கு ஒரு துறைமுகம் வந்தது. மனிதரைத் திருப்பி ஒப்படைக்கிற துறைமுகம்.

அதே கிழமைகளில் இன்னொரு படகும் மறிக்கப்பட்டது. பாண்டிச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 பேர், பெரும்பாலும் ஈழத் தமிழர், கிட்டத்தட்ட ஒரு மாதம் கடலிலேயே வைக்கப்பட்டு, கடைசியில் பசிபிக் கடலில் அவுஸ்திரேலியா தடுப்பு முகாம் வைத்திருந்த நவுறு தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படி வைத்திருந்தது சட்டப்படி சரி என்று அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. ஏழு நீதிபதிகளில் நாலு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். அவர்கள் கடலில் இருந்த அந்த மாதம் முழுக்க நாங்கள் என்ன கேட்டாலும் அரசாங்கத்தின் பதில் ஒன்றுதான்: கடல்மேல் நடப்பவை பற்றிப் பேச மாட்டோம்.

படகுப் பயணத்தை நான் ஆதரிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவின் பாறையில் மோதி உடைந்த படகையும், கரையில் நின்றவர்கள் எறிந்த கயிறுகளையும் தொலைக்காட்சியில் பார்த்தவள் நான். படகு நின்ற பிறகு அந்தக் கடலில் சாவு குறைந்ததும் உண்மை. ஆனால் பிறகு, மொரிசனின் அலுவலகத்தில் படகு உருவத்தில் ஒரு கேடயம் இருப்பதையும், "இவற்றை நான் நிறுத்தினேன்" என்று அதில் எழுதியிருப்பதையும் படத்தில் பார்த்தபோது அழுதேன். அந்தப் படகுகளுக்குள் ஆட்கள் இருந்தார்கள்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவரிடம் அந்த ஞாயிற்றைப் பற்றிக் கேட்டேன். "நேவி எப்பவும் வெளியில நிக்கும் மகள், நாங்க எண்ணிப் பார்க்கிறல்ல" என்றார். மறுகா, "ஆரும் நம்மட ஆக்களோ?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள், திங்கள், ஜூலை 7

இன்று என் பெறாமகன், தங்கச்சியின் மகன், படகேறிய கதை. அவன் எழுதச் சொன்னான், பெயர் போட வேண்டாம் என்றான்.

குருமண்வெளியில் பாதை (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகும் தெப்பம்) ஏறி வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் போனோம். வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும்: வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை, வயலும் மாடும் உள்ள பக்கம். தங்கச்சி வீட்டாரின் வயல் படுவான்கரையில் மூன்று ஏக்கர். சிறுபோகக் கதிர் முற்றிக் கிடந்தது. வரம்பில் நின்றுதான் அவன் கதையைத் தொடங்கினான், கடலில் தொடங்கவில்லை.

2021 சித்திரையில் கோட்டாபய அரசாங்கம் ஒரே நாளில் இரசாயனப் பசளையை நிறுத்தியது. கார்த்திகையில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் பெரும்போகத்துக்குப் பிந்திவிட்டது. ஏக்கருக்கு முப்பது மூடை தந்த வயல் அந்தப் போகம் பன்னிரண்டு மூடை தந்தது. வங்கியில் வாங்கிய கடன் அப்படியே நின்றது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று நாடே அறிவித்தது. இருநூறு ரூபாய்க்கு இருந்த டொலர் முந்நூற்று அறுபதுக்குப் போனது. அந்த வருஷம் செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் 70 வீதத்தைத் தொட்டது. அவன் வேலை செய்த போன் கடை அதற்கு முன்பே பூட்டியாயிற்று.

தங்கச்சி தாலிக்கொடியை அடகு வைத்தாள். ஏழு லட்சம் கட்டி அவுஸ்திரேலியாவுக்குப் போகும் ஒரு படகில் இடம் பிடித்தான். மூன்றாம் நாள் இரவு நேவி மறித்தது. திருகோணமலைக்குக் கொண்டுபோய், விசாரித்து, குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். தண்டம் கட்டி வெளியே வந்தான். அந்தக் காசு திரும்பி வரவில்லை. தாலிக்கொடி இன்னும் மீளவில்லை.

போக ஏலாது என்று தெரியாதா என்று கேட்டேன். அவுஸ்திரேலியா எத்தனையோ வருஷமாக விளம்பரம் செய்கிறது; தமிழிலும் சிங்களத்திலும் செய்கிறது.

"தெரியும் பெரியம்மா. ஆரும் என்னை ஏமாத்தல்ல. விளம்பரமும் போனில வந்திச்சு. நூறில ஒண்டு எண்டாலும் அங்க ஒண்டு இரிக்கு. இங்க அண்டைக்கு அந்த ஒண்டும் இல்ல."

இதை அப்படியே எழுதி வைக்கிறேன். எச்சரிக்கை விளம்பரங்களெல்லாம் இவனுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துச் செய்யப்பட்டவை. இவன் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான். அந்தக் கணக்கு இந்த வயல் வரம்பில் போட்ட கணக்கு.

2022 மே 21, அவுஸ்திரேலியாவில் வாக்களிப்பு நாள். அன்றைக்குத்தான் இலங்கையிலிருந்து வந்த ஒரு படகை மறித்ததாக மொரிசன், அப்போது பிரதமர், அறிவித்தார். அவருடைய கட்சி வாக்காளருக்கு அதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பியது. அவர் தோற்றார். புதிய அரசாங்கமும் படகுக் கொள்கையை மாற்றவில்லை. அடுத்த மாதமே உள்துறை அமைச்சர் கிளேர் ஓ நீல் படகுகளை நிறுத்துவது பற்றிப் பேசக் கொழும்புக்கு வந்தார். உணவுக்கும் மருந்துக்கும் 5 கோடி அவுஸ்திரேலிய டொலர் உதவி அறிவிக்கப்பட்டது. அந்தக் காசு எத்தனையோ பிள்ளைகளின் வயிற்றுக்குப் போனது, அதற்கு நன்றி சொல்கிறேன். அதே அமைச்சர் செப்டெம்பரில் நடந்த வேலைவாய்ப்பு மாநாட்டில், ஆள் போதாது என்று, நிரந்தரக் குடிவரவை ஒரு வருஷத்துக்கு 160,000இலிருந்து 195,000 ஆக உயர்த்தினார். எங்கள் இல்லத்தில் அப்போது இரண்டு பேர் செய்ய வேண்டிய இரவு வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருந்தோம்.

ஆள் தேவை என்ற அறிவிப்பும் வராதே என்ற அறிவிப்பும் ஒரே ஆளின் வாயிலிருந்து மூன்று மாத இடைவெளியில் வந்தன. என் கையில் தாதியர் பட்டம் இருந்தது, பெறாமகன் கையில் உயர்தரப் பெறுபேறு மட்டும். எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற எல்லை அந்தக் காகிதம்தான்.

இரவு குரக்கன் பிட்டும் கணவாய்க் கறியும். சாப்பிட்ட பிறகு அவன் ஒரு கொப்பியைத் திறந்து முற்றத்து லைட்டில் உட்கார்ந்தான். என்னவென்று கேட்கவில்லை.

நான்காம் நாள், செவ்வாய், ஜூலை 8

வடக்கே வாழைச்சேனை. கடதாசி ஆலையின் மதிலைச் சுற்றி வந்தோம். 1950களில் அரசாங்கம் கட்டிய ஆலை. எங்கள் வயல்களின் வைக்கோலை வைத்தே கடதாசி செய்தது. சின்ன வயதில் நாங்கள் எழுதிய கொப்பியெல்லாம் இங்கத்தைய தாள் என்று அப்பா சொல்லுவார். யுத்தமும் நட்டமும் அதை முடக்கின. 2021இல் ஒரு பகுதியை மீண்டும் இயக்கத் தொடங்கினார்கள்.

மீன்பிடித் துறைமுகத்தில் ஆழ்கடல் படகுகள் வரிசையாக நின்றன. ஒரு படகின் கூரையில் வெள்ளைப் பெட்டி. படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும் கருவி. இந்தக் கண்காணிப்புக் கருவிகளை ஆயிரக்கணக்கில் தந்தது அவுஸ்திரேலியா. புயலில் அகப்பட்டால் தேடிப் பிடிக்க உதவும் என்று ஓட்டி சொன்னார், அது நல்ல விஷயம். தென்கிழக்கே கூடத் தூரம் போனால் உடனே கேள்வி வரும் என்றும் சொன்னார். டீசலுக்கும் ஐசுக்கும் போட்ட காசு வருகிற அளவுக்கு மீன் அகப்படுகிறதா என்பதைச் சொல்ல இன்னும் பெட்டி வரவில்லையாம், அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

ஐந்தாம் நாள், புதன், ஜூலை 9

தெற்கே திரும்பினோம். காத்தான்குடி தாண்டி மருதமுனையில் நின்று தறிச் சத்தம் கேட்டேன். ஒரு ராத்தா (முஸ்லிம் அக்கா) நெய்த சாரம் இரண்டு வாங்கினேன். நூலின் விலைதான் தன்னைக் கொல்லுது என்றா.

பின்னேரம் ஒலுவில். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும்.

டென்மார்க் கடனில் கட்டிய துறைமுகம் இது. 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி மகிந்த ராஜபக்ஷ திறந்துவைத்தார். அதே மாதம் 7ஆம் திகதி அபொட் தேர்தலில் வென்றார். 18ஆம் திகதி படகு நிறுத்தும் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. பதினெட்டு நாளுக்குள் இங்கே ஒரு வாசல் திறந்து அங்கே ஒரு வாசல் பூட்டியது. திறந்த வாசல் சரியாக இருந்திருந்தால் பூட்டிய வாசலைத் தட்ட இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் குறைவாகத்தான் போயிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

இப்போது துறைமுக வாயில் மணல் மேடு. அலைதாங்கிக் கற்களுக்குத் தெற்கே கடற்கரை அகன்று வெள்ளையாய்க் கிடக்கிறது. வடக்கே கடல் ஊருக்குள் வந்துவிட்டது. வேர் தெரிய நிற்கும் தென்னைகள், பாதி இடிந்த மதில். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அலை அதைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் காவும். குறுக்கே கல் போட்டால் காவி வந்தது அங்கேயே தங்கும், வடக்கே எடுத்ததற்குப் பதில் போய்ச் சேராது. தோண்டினாலும் அடுத்த போகத்துக்குள் மூடிவிடும்.

மீன்வாடியடியில் இருந்த வயதான காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) ஒருவர் கைத்தடியால் மண்ணில் கோடு கிழித்து இதை எனக்குக் காட்டினார். "கல்லுப் போட முந்தி எங்கட தோணிய இழுத்த இடம் இப்ப அங்கால, தண்ணிக்குள்ள. துறைமுகம் வந்தா வேலை வரும் எண்டு காணி குடுத்த ஆக்கள் தங்கச்சி நாங்க. எங்களுக்கிட்ட ஆராவது ஒருக்காக் கேட்டிருந்தா மண் எங்கிருந்து வருது எண்டு சொல்லியிருப்பமே."

அவருடைய இரண்டு பேரர்கள் கட்டாரில்.

இதை எழுதும்போது இரவு பத்தரை. அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் இலங்கைப் பொருட்களுக்கு ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து 30 வீத வரி என்று கடிதம் அனுப்பிய செய்தி போனில் வந்திருக்கிறது. ஏப்ரலில் 44 என்று சொன்னார்கள்.

ஆறாம் நாள், வியாழன், ஜூலை 10

எசல போயா (பௌர்ணமி), விடுமுறை. தம்பிலுவில்லில் சித்தி வீட்டில் தங்கினோம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடுமுறை என்பதால் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு திண்ணையில் இருந்தார்கள். மற்ற நாட்களில் விடிய ஐந்துக்கே பஸ் வந்துவிடும். 30 வீதம் என்ற கதை அவர்களுக்கு இரவே தெரிந்துவிட்டது. நாட்டின் ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. "எங்கட லைன் முழுக்க அமெரிக்கா ஓடர் அன்ரி" என்றாள் மூத்தவள். ஓவர்டைம் குறையுமா, சீட்டுக்காசு எப்படிக் கட்டுவது என்று இருவரும் மெதுவாகக் கதைத்துக்கொண்டார்கள்.

இந்த 2025 ஏப்ரலிலிருந்து இலங்கையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய். அரசாங்கம் உயர்த்தியது, வரவேற்க வேண்டியது. இந்த 2025 ஜூலை முதலாம் திகதியிலிருந்து அவுஸ்திரேலியாவில் குறைந்தபட்சக் கூலி ஒரு மணித்தியாலத்துக்கு 24 டொலர் 95 சதம், இங்கத்தைய காசில் ஏறத்தாழ 4,900 ரூபாய். இவளின் ஒரு மாதச் சம்பளம் அங்கே ஐந்தரை மணித்தியாலம். விடியப் போகிற ஒருத்தி மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரத்துக்குள் உழைத்துவிடுவாள். இந்தக் கணக்கைச் சித்தியின் பேத்தி என் போனில் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனைத் திருப்பித் தந்தாள். எந்த நேவியாலும் மறிக்க ஏலாத கணக்கு இது.

2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்து வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அவர்கள் அனுப்பிய காசில்தான் நாடு மருந்தும் எண்ணெயும் வாங்கியது. "வளமான நாடு, அழகான வாழ்க்கை" என்று புதிய அரசாங்கம் வாக்குக் கேட்டது. சென்ற வருஷப் பாராளுமன்றத் தேர்தலில் 159 ஆசனம் கிடைத்தது, மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் தமிழரசுக் கட்சி முந்தியது. யார் வென்றாலும் என் கேள்வி ஒன்றே: இந்தக் கரையில் என்ன வேலை? துறைமுகம் கட்டுவது, ஆலை திறப்பது என்ற சொல்லை எங்கள் அப்பா காலத்திலிருந்து கேட்கிறோம். ஒலுவில் மணலை யார் அள்ளுவது, எவ்வளவு காலம் அள்ளுவது என்று எழுதிய ஒரு தாளைக் காட்டினால் நான் நம்பத் தயார்.

ஏழாம் நாள், வெள்ளி, ஜூலை 11

பொத்துவில்லில் ஜும்மா நேரம், கடைகள் பூட்டு. பிளேன்டீக்குக் காத்திருந்து, பிறகு அறுகம்பே.

அலைப் பலகைகளோடு வெள்ளைக்காரர் கூட்டம். அவுஸ்திரேலியர்கள் நிறைய, பேச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஒரு பொடியன், இருபத்துமூன்று வயதிருக்கும், நியூகாசிலைச் சேர்ந்தவன். வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் ஊர் சுற்றுகிறான். விசாவைப் போனிலேயே எடுத்தானாம். நல்ல பிள்ளை; பெறாமகனுக்குப் பலகையில் நிற்கச் சொல்லிக்கொடுத்தான். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது, ஒரே கடல். பெறாமகன் இரண்டு தரம் விழுந்தான், மூன்றாம் தரம் நின்றான். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

"நீ அவுஸ்திரேலியாவுக்கு வந்திருக்கிறாயா?" என்று அந்தப் பொடியன் கேட்டான். பெறாமகன் என் முகத்தைப் பார்த்தான். "இல்லை" என்றான்.

இரவு தங்கிய இடத்தில் அந்தக் கொப்பியை என்னிடம் தந்தான். கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறான். அரசாங்கங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் போகிற வேலை. தொழிற்சாலை, கட்டட வேலை, மீன்பிடி என்று பிரிவுகள். இவன் மீன்பிடிக்கு எழுதப் போகிறான். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் கொரிய எழுத்து, நடுவில் உச்சரிப்பு. தமிழைச் சொல்லிக் கேளுங்கள் என்றான்.

"வலை?"

"குமுல்."

"படகு?"

"பே."

"துறைமுகம்?"

கண்ணை மூடி யோசித்தான். வெளியே அலைச் சத்தம்.

"ஹங்கு" என்றான். "சரியா, பெரியம்மா?"

கொப்பியில் பார்த்தேன். சரி.